சாக மறுத்த அண்ணி

என் அண்ணி பியோ யாங்சுக்கின் முகம் தெரியாத வீடு சியோலில் கிடையாது. பெயர் தெரிந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுக்காரி உற்று உற்றுப் பார்ப்பாள். "நீங்க எங்க ஏரியா போஸ்ட் ஆபீஸ்ல இருந்தீங்கள்ல?" என்பாள். இன்னொருத்தி, "எங்க சின்ன நாத்தனாரோட சம்பந்தியம்மா மாதிரியே இருக்கீங்களே" என்பாள். அண்ணி எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டாள். இறங்குகிற வரைக்கும் அந்தச் சம்பந்தியம்மாவாகவே பேசிக்கொண்டு வந்து, மருமகளைப் பற்றி நாலு குறையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். நடிகை இல்லையா.

நான் அவளுடைய நாத்தனார், பாங் கும்ரே. நாத்தனார் வாயால் அண்ணி புராணமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கென்ன. இல்சானில் டிவி ஸ்டுடியோவுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு கிம்பாப் கடை இருக்கிறது. கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிக் கொடுத்தே நான் வயதானவள். பசியோடு வருகிற லைட்பாயும் மேக்கப்காரியும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அதனால் எனக்குத் தெரியாத ஸ்டுடியோ ரகசியம் குறைவு.

அண்ணி மோக்போவில் நெத்திலி காயப்போடுகிற வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் ரயிலேறி வந்து டிவி நிலையத்தின் நடிகர் தேர்வில் உட்கார்ந்தாள். "உன் மகன் இறந்துவிட்டான் என்று தகவல் வருகிறது, நடித்துக் காட்டு" என்றார்களாம். மற்ற பெண்கள் எல்லாம் கண்ணீர் விட்டார்கள். இவள் ஒரு சத்தமும் போடாமல் ஒற்றைக் கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு வேரோடு சாய்ந்த மரம் மாதிரி பின்பக்கமாக விழுந்தாள். தேர்வாளர் ஒருவர் எழுந்து, "டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டார். அன்றைக்கே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவளுடைய தலையெழுத்தும் அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

எங்கள் சீரியல்களில் பெரியவர்களுக்கு அதிர்ச்சி வந்தால் பிடரியில்தான் வரும். மகன் வேண்டாத பெண்ணைக் கூட்டி வந்தால் பிடரி. கம்பெனி கவிழ்ந்தால் பிடரி. தான் வளர்த்த பிள்ளை தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தால் இரண்டு கையும் பிடரியில். அப்படி விழுவதற்கு என் அண்ணியை அடிக்க ஆள் கிடையாது. அவளோடு தேர்வான ஒருத்தி பெரிய கதாநாயகி ஆனாள், இன்னொருத்தி வாஷிங் மெஷின் விளம்பரத்தில் வந்து பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அண்ணி மட்டும் விழுந்துகொண்டே இருந்தாள். விழுந்தவளை எழுப்பி உட்காரவைத்துக் கதையை வளர்க்க யாருக்கு நேரம்? எல்லாரும் அவளைக் கொன்றுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள்.

புற்றுநோயில் செத்தாள். பஸ் மோதிச் செத்தாள். ராஜா காலத்து சீரியலில் ராஜாவின் சூப்பை ருசி பார்த்துச் செத்தாள். ஒருமுறை மாடியிலிருந்து கிம்ச்சி ஊறுகாய் ஜாடி தலையில் விழுந்து செத்தாள். பேச்சு என்று பார்த்தால், "ஐயோ, அப்படின்னா அந்தக் குழந்தை...!" என்பதோடு முடிந்துவிடும். டைட்டிலில் 'பக்கத்து வீட்டு அம்மா' என்றோ 'முதல் அத்தை' என்றோ வரும். அவள் செத்த பிறகு வருகிற ஒப்பாரிக்குத்தான் அவளைவிட அதிக வசனம்.

என் அண்ணன் பாங் சங்டே டாக்சி ஓட்டுகிறவன். சாது. ஆனால் கருப்பு ரிப்பன் கட்டிய போட்டோ என்றால் அவனுக்கு ஆகாது. சீரியலில் ஒருவர் செத்தால் சாவு வீட்டுக் காட்சிக்கு அவருடைய படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டுத் தயாரிப்பார்கள். ஷூட்டிங் முடிந்ததும் அந்தப் படத்தை என்ன செய்வது? உயிரோடு இருக்கிறவளின் சாவுப் படத்தைக் குப்பையில் போட எந்த ஆளுக்கு மனம் வரும்? துணியில் சுற்றி அண்ணி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவளாலும் தூக்கி எறிய முடியவில்லை. அண்ணன் வீட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் அண்ணியின் சாவுப் படங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அரிசி எடுக்கப் போன அண்ணன் அரிசி இல்லாமல் திரும்பி வருவான்.

டாக்சிக்காரர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் அவன் பாடு இன்னும் மோசம். "என்ன சங்டே, நேத்துதான பொண்டாட்டியை அடக்கம் பண்ணினே? இன்னிக்கே வண்டி எடுத்துட்டியா? கல்நெஞ்சுக்காரன்ப்பா நீ" என்று சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்பார்கள்.

இப்படி இருந்தபோதுதான் 'மாதுளைச் சந்து' வந்தது. தினமும் காலையில் வருகிற சீரியல். அதில் அண்ணிக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பெயருள்ள வேடம்: மா போக்சுன், ஜவுளிக் கம்பெனி முதலாளியம்மா, கொடுமைக்கார மாமியார். சேதி சொல்ல என் கடைக்கு ஓடி வந்தவள் மூச்சு வாங்க நின்றாள். அண்ணனும் அங்கேதான் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எப்ப சாகுறே?" என்று கேட்டான்.

"அது ரைட்டர் மேடத்துக்குத்தாங்க தெரியும்."

அண்ணன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "இந்தா பாரு யாங்சுக். அரிசிப் பெட்டிக்குப் பின்னால இனிமே இடம் இல்லை. இதுலயும் நீ செத்தேன்னா இதோட நடிப்புக்கு முழுக்கு. கும்ரேகூட உக்காந்து சோறு சுருட்டு."

"சாகலேன்னா?"

"நீயாவது, சாகாம இருக்கிறதாவது!"

"சாகலேன்னா நான் எனக்குத் தோணுற வரைக்கும் நடிப்பேன். நீங்க வாயே திறக்கக்கூடாது. சரியா?"

"சரி" என்றான் அண்ணன். எனக்கும் உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். கடையில் கூடமாட ஒரு ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கேட்காத அண்ணி கிடைத்தால் கசக்குமா?

ஷூட்டிங் தொடங்குகிற அன்று பன்றித் தலை வைத்துப் பூஜை. நான்தான் எல்லாருக்கும் கிம்பாப் கொண்டு போயிருந்தேன். சிரிக்கிற பன்றித் தலையின் வாயில் காணிக்கைப் பண உறையைச் செருகிவிட்டு ஒவ்வொருவரும் தரையில் விழுந்து கும்பிட்டு, சீரியல் ஓடவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். அண்ணி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் மயங்கிவிட்டாளோ என்று அசிஸ்டென்ட் டைரக்டர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"அவ்ளோ நேரம் என்னதான் வேண்டினீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"'நீதான் செத்துட்டே, என்னையாவது விட்டுவை'ன்னு அதுகிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

சீரியல் தொடங்கியது. மா போக்சுன் கர்ப்பிணி மருமகளைப் பனியில் நிற்கவைத்துக் காலால் கம்பளியை மிதித்துத் துவைக்கச் சொன்னாள். மருமகளின் அம்மா அனுப்பிய பலகாரத்தை நாய்க்குப் போட்டாள். ஊரே கொதித்தது. என் கடையில் ஊறுகாய் முள்ளங்கி வாங்கிப் போகிற மீன்காரி, அண்ணிக்கு மட்டும் வால் துண்டாகப் பொறுக்கிப் போட்டாள். ஏன், நானே ஒருநாள் காலை எபிசோட் பார்த்த ஆத்திரத்தில் அண்ணியின் கிம்பாப்பில் முட்டையை வைக்காமல் சுருட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பொதுக் குளியலறைக்குப் போய்விட்டுத் தலையில் துண்டோடு கடைக்குள் பாய்ந்து வந்தாள்.

"கும்ரே! என்னை அடிச்சாங்கடி கும்ரே!"

கையில் கத்தியோடு எழுந்தேன். "எவ அவ?"

"யாருன்னே தெரியாது! வெந்நீர்த் தொட்டில உக்காந்திருந்தேன். ரெண்டு மூணு பேர் வந்தாங்க. 'வயித்துப்புள்ளக்காரிய ஏண்டி பனியில நிக்க வச்சே'ன்னு கேட்டு முதுகுலயே போட்டாங்க. முதுகு தேய்க்கிறவ இருக்காளே, அவ வேற தோலை உரிச்சுட்டா. பேர் சொல்லி அடிச்சாங்கடி! 'அடியே மா போக்சுன்'னு பேர் சொல்லி!"

ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். முதுகு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அந்த முதுகோடு, மேஜை மேலிருந்த முள்ளங்கியைக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினாள். சாப்பிட வந்த கேமராக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் சாவு எங்கே போகும்? எங்கள் சீரியல்களில் கதை முன்கூட்டி எழுதி வைத்திருக்கமாட்டார்கள். இன்றைக்குப் பக்கம் வரும், இன்றைக்கு எடுப்பார்கள், நாளைக் காலையில் ஒளிபரப்பாகிவிடும். தான் உயிரோடு இருக்கப்போகிறோமா என்பது நடிகருக்கே மேக்கப் நாற்காலியில்தான் தெரியும். ஒருநாள் விடிந்ததும் அசிஸ்டென்ட் டைரக்டர் பக்கங்களைக் கட்டாக மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். 'மா போக்சுன் பிடரியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிகிறாள். கை தொங்குகிறது. உயிர் பிரிகிறது.'

என் கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அந்த வரிகளையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அண்ணி வந்து படித்தாள். கிம்பாப்பைக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல சாவுதான்" என்றாள். "வீட்டுக்குள்ள, சோபா மேல. தெருவுல இல்லை." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பகலில் எடுத்து முடித்தார்கள். டைரக்டர் ஹியோன் ஒரே டேக்கில் ஓகே சொல்லிவிட்டாராம். அண்ணியின் சாவில் இரண்டாவது டேக் எப்போதும் கிடையாது.

மறுநாள் காலையில் என் கடை டிவி முன்னால் கூட்டம். சலவைக் கடைக்காரர் சூ, மீன்காரி, ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ்கள். அண்ணி மூலையில் உட்கார்ந்து மஞ்சள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் மா போக்சுன் பிடரியைப் பிடித்தாள், சரிந்தாள். மருமகள் கதறினாள். வயலின் அழுதது. கேமரா சோபாவிலிருந்து தொங்கும் கைக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆள்காட்டி விரல் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. பிறகு இன்னொரு தட்டு. கதவைத் திறங்கள் என்று சொல்வதுபோல.

"உயிர் இருக்கு!" என்று சலவைக் கடை சூ நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். "பொம்பள உயிரோட இருக்கா! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா!"

என் கையிலிருந்த அகப்பை விழுந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் முள்ளங்கியைப் பார்த்தாள்.

"அண்ணி. வேணும்னேதானே?"

"எது?"

"விரல்!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அந்த ஹால்ல ஹீட்டர் போடலை, குளிர்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அன்றைக்கு டிவி நிலையத்தின் போன் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. இணையதளம் படுத்துவிட்டது. மூச்சிருக்கிற மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் அழுதுகொண்டு நின்றது மருமகளின் குற்றம் என்று ஒரு கூட்டம். செய்த கொடுமைக்கு அப்படியே புதைக்கட்டும் என்று இன்னொரு கூட்டம். எடிட்டிங் அறையிலேயே விரலைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மாற்றிப் போட வேறு ஷாட் இல்லை, நேரமும் இல்லை. சாவு வீட்டுக்குப் போட்டிருந்த செட்டை அவசர அவசரமாகக் கலைத்து ஆஸ்பத்திரி அறையாக்கினார்கள். அதற்கு வாங்கிய வெள்ளைச் செவ்வந்தி எல்லாம் என் கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் என் வாடிக்கையாளர்கள் சாவுப் பூவின் நடுவில் உட்கார்ந்து சூப் குடித்தார்கள்.

மா போக்சுன் கோமாவில் விழுந்தாள். டாக்சி மெஸ் இரண்டாகப் பிளந்தது. கோமா சாவில் சேர்த்தியா இல்லையா? அண்ணன் நடுவராகக் கூட இருக்க முடியாமல் தவித்தான். கடைசியில், "கண்ணைத் திறக்கட்டும், அப்பப் பாக்கலாம். அப்படியே போயிட்டா பேச்சு பேச்சுதான்" என்று சொல்லிவிட்டான். அண்ணி தலையாட்டினாள். ரைட்டர் யோம் மேடத்தின் கையில்தான் எல்லாம். அவர் எழுதியதில் கை வைத்த ஒரு நடிகரை அடுத்த வாரமே கதையில் லாரி ஏற்றிக் கொன்றவர் அவர் என்று ஸ்டுடியோவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் கோமா வந்த வேளை நல்ல வேளை. படுத்துக் கிடக்கிற மாமியார் பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, கேட்கவா போகிறது என்று மனதைத் திறந்தார்கள். மூத்த மகன் உயிலைத் திருத்தியதைச் சொன்னான். இளைய மருமகள் பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையை மாற்றியதைச் சொன்னாள். டிரைவர் தன் அப்பா யார் என்று சொன்னான். சமையல்காரிகூட ஏதோ சொல்லி அழுதாள். அண்ணி மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தாள். ஒருநாள் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டுவிட்டாள். சவுண்ட் என்ஜினியர் அதை மூச்சு மெஷின் சத்தத்தில் கலந்துவிட்டார். ஊர் முழுக்கக் கேட்ட ஒரே கேள்வி: அந்த அம்மாவுக்குக் காது கேட்கிறதா?

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் சந்துக்காரர்களுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அண்ணி மூலையில் உட்கார்ந்திருந்தால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, குசுகுசுவென்று தொடங்கிவிடுவார்கள். யாரிடமும் சொல்லமாட்டாள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். மீன்காரி புருஷனுக்குத் தெரியாமல் டான்ஸ் கிளாஸ் போவதைச் சொன்னாள். ஒரு நர்ஸ் தான் இரண்டு பேரைக் காதலிப்பதைச் சொன்னாள். குளியலறையில் முதுகை உரித்தவள் இப்போது மெதுவாகத் தேய்த்துக்கொண்டே தன் மாமியாரின் மூக்குப்பொடி டப்பாவை ஒளித்து வைத்ததைச் சொன்னாளாம். அண்ணி பாவம், மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

சலவைக் கடை சூ சொன்னது மட்டும் என் காதில் விழுந்துவிட்டது. போன குளிர்காலத்தில் என் கம்பளிக் கோட்டைச் சுருங்க வைத்தவர் அவர்தான். "கும்ரே குண்டாயிட்டா, கோட் அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டேம்மா. பாவம், ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டா" என்றார் அண்ணியிடம்.

"யோவ் சூ!" என்று நான் அடுப்படியிலிருந்து கிளம்பியபோது அந்த மனுஷர் சந்து முனையைத் தாண்டிவிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ரைட்டர் யோம் மேடம் கடைக்கு வந்தார். தனியாக வந்தார். ஒல்லியான சின்ன அம்மா, பெரிய கண்ணாடி. அவர் ஷூட்டிங் பக்கம்கூட வராதவர். ஒரு கிம்பாப் கேட்டுவிட்டு அண்ணி எதிரில் உட்கார்ந்தார். நான் கூப்பிடாமலே போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார். "விரல் தானா அசைஞ்சுதா? நீங்க அசைச்சீங்களா?"

மேஜைக்கு அடியில் அண்ணியின் தொடையைக் கிள்ளினேன். தானா என்று சொல்லித் தொலையேன்! சொன்னால் பிழைத்தாள். நரம்பு இழுத்தது, குளிர், தலைவிதி, எதை வேண்டுமானாலும் சொல்லலாமே.

"அசைச்சேன், ரைட்டர் மேடம்" என்றாள் அண்ணி.

"ஏன்?"

"மா போக்சுன் அவ்ளோ லேசுல சாகுறவ இல்லை. ஊர்ப்பட்ட கொடுமை பண்ணியிருக்கா. யார்கிட்டயும் திட்டும் வாங்காம, மன்னிப்பும் கேக்காம, சோபாவுல சாஞ்சு போய்ச் சேந்துட்டா அது அவளுக்கு லாபம்தானே?" குரல் இறங்கிவிட்டது. "அது பாதிதான், மேடம். மீதி என்னன்னா, எனக்கே சாகப் பிடிக்கலை. நான் நிறைய செத்துட்டேன். இந்த ஒரு தடவை என்னால முடியலை."

ரைட்டர் மேடம் மென்றுகொண்டே இருந்தார். "நான் எழுதினதுல யாரும் கை வைக்கிறதை நான் விட்டதில்லை."

"தெரியும் மேடம்."

"இன்னும் ஒரு கிம்பாப் கட்டிக் குடுங்க" என்று என்னிடம் சொன்னார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணியை நான் திட்டிய திட்டு நல்லவர்கள் எழுதக்கூடாதது. எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. போய் அவளுக்கென்று ஒரு புது ஏப்ரன் வாங்கி வந்து ஆணியில் மாட்டினேன். மாட்டியதும் அதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் என் கடையில் சோறு சுருட்டுவதை நான் பார்க்க விரும்பவில்லை. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பக்கங்கள் வந்தன. அசிஸ்டென்ட் டைரக்டர் ஓடி வந்து அண்ணி கையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். அண்ணி முதல் பக்கத்தைப் பார்த்தாள். 'மா போக்சுன் கண்ணைத் திறக்கிறாள்.' நான் போட்ட கூச்சலில் நூடுல்ஸ் பொங்கி அடுப்பு அணைந்தது. அண்ணியோ பக்கங்களைப் புரட்டப் புரட்ட வெளுத்துக்கொண்டே போனாள். பக்கம் பக்கமாக மா போக்சுன் ஒருத்தியே பேசுகிறாள்.

"கும்ரே, நான் செத்தே போறேன்டி. சேர்ந்தாப்ல ரெண்டு வரிக்கு மேல நான் மனப்பாடமே பண்ணினதில்லையே. மத்தியானமே ஷூட்டிங்!"

"சாகிற பேச்சை எடுத்தீங்க, நானே கொன்னுடுவேன். படிங்க!"

படித்தாள். இன்னும் கொஞ்சம் படித்தாள். திடீரென்று காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை எதுக்குடி படிக்கணும்?" என்றாள். "அவங்க எங்கிட்ட வந்து சொன்னதைத்தானே நான் திருப்பிச் சொல்லணும்? எல்லாம் என் காதுல விழுந்ததுதானே?"

சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் நானும் செட்டுக்குப் போனேன். படுக்கையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். மா போக்சுன் கண்ணைத் திறந்தாள். குழாயைத் தானே பிடுங்கிப் போட்டாள். "எல்லாரும் உக்காருங்க. நான் ரொம்ப நாளா பேசலை" என்று தொடங்கினாள். பெரிய மகனைப் பார்த்து உயிலைச் சொன்னாள். இளைய மருமகளைப் பார்த்துக் குழந்தையைச் சொன்னாள். யார் எந்த வார்த்தையில் அழுதார்களோ அதே வார்த்தையில், அவர்கள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னாள். டிரைவராக நடித்த பையன் நிஜமாகவே ஒரு அடி பின்னால் போனான். கடைசியில் மூத்த மருமகளிடம் திரும்பினாள். "உன்னைப் பனியில நிக்க வச்சேன். என் கால் சூடாத்தான் இருந்துச்சு. மன்னிச்சுடும்மான்னு கேக்க எனக்கு வாய் வரலை, ஆனா கேக்குறேன்" என்றாள். நான் பாத்திரத்தை வைத்துக்கொண்டு விசும்பினேன். 'ஷ்ஷ்' என்றார் பக்கத்தில் நின்றவர். திரும்பிப் பார்த்தால் ரைட்டர் யோம் மேடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே டேக். இந்த முறை சாகாமலே ஒரே டேக்.

அது ஒளிபரப்பான காலை கடையில் யாரும் சாப்பாடு கேட்கவில்லை. திரையில் அண்ணி பேசிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அண்ணன். அந்த நாளில் டாக்சிகளில் வழி காட்டுகிற பெட்டியிலேயே டிவியும் வரும்.

"கும்ரே. உன் அண்ணி பேசுறா."

"பாத்துக்கிட்டுத்தான்ணா இருக்கேன்."

"இன்னும் பேசுறா."

"ஆமா."

"ஒரு அம்மா ஏர்போர்ட்டுக்குன்னு ஏறினாங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க, இது முடியட்டும், ப்ளேன் போனா போகுதுன்னுட்டாங்க. பின்னாடி உக்காந்து அழுதுக்கிட்டிருக்காங்க. அது என் பொண்டாட்டிதான்னு சொன்னேன், நம்பமாட்டேங்கிறாங்க." மூக்கை உறிஞ்சினான். "இவளுக்குள்ள இவ்ளோ பேச்சு இருக்குன்னு எனக்குத் தெரியாதுடி."

"நீ எப்பண்ணா கேட்டே?" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

திங்கட்கிழமை மறுபடி ஷூட்டிங். ஸ்டுடியோவுக்கு அண்ணி முதல் பஸ்ஸில்தான் போவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு வாசலில் அண்ணனின் டாக்சி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. கூரை விளக்கை அணைத்து, ஆள் இருக்கிறது என்று பலகையும் போட்டிருந்தானாம்.

"யாரையாவது ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"உன்னைத்தான். ஏறு."

அவள் பழக்கமில்லாமல் பின்சீட்டில் ஏறப் போக, முன்கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். சந்து முனையையும் பாலத்தையும் தாண்டினார்கள். சிக்னலில் நிறுத்தியபோது, ரோட்டைப் பார்த்தபடியே, இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டான்.

"இன்னிக்கு என்ன சீன்?"

ஸ்டுடியோ வாசல் வரும் வரைக்கும் அண்ணி சொல்லிக்கொண்டே போனாளாம்.